ஆட்டமும் கோட்டமும்: சக்கரச் சோதனைக்கு இரு சொற்கள்

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

நாம் தொகுக்கும் வாகனப் பழுதுபார்ப்புக் கலைச்சொல் பட்டியலுக்காகத் தாங்கள் அனுப்பிய சொற்களைப் பார்த்தேன். பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) சுழலும்போது பக்கவாட்டில் விலகி ஓடுவதைக் குறிக்கும் 'ரன்-அவுட்' என்பதற்குத் தாங்கள் முன்மொழிந்த 'சுழல்விலகல்' பொருளளவில் பிழையற்றது. ஆயினும் சைக்கிள் கடைகளில் 'கோட்டம்' என்ற சொல் ஏற்கெனவே புழங்கும்போது, புதிதாக ஒன்றைப் புனையத்தான் வேண்டுமா? ரிம் நெளிந்த சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் நேராக்குவதைக் 'கோட்டம் எடுப்பது' என்கிறோம். டிஸ்க்கில் நிகழ்வதும் அதே விலகல்தான்; அளவுதான் மிகச் சிறியது.

சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கின் தளர்ச்சியையும் இதனுடன் சேர்த்து 'அசைவு' என்று ஒரே சொல்லில் அடக்கும் தங்கள் யோசனையை என்னால் ஏற்க இயலவில்லை. ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது கடகடவென்றால் அது 'ஆட்டம்'. ஒருவர் பிரேக்கை மிதித்ததும் அந்த ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்கையும், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் (சக்கரப் பகுதியை வண்டியோடு இணைக்கும் உருண்டை மூட்டு) போன்றவற்றையும் ஐயுற வேண்டும். கோட்டம் இப்படிக் கைக்கு அகப்படாது. டிஸ்க்கை நட்டுகளால் இறுக்கி, அதன் வெளிவிளிம்புக்குச் சற்று உள்ளே நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையைப் பொருத்தி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினால்தான் முள் காட்டிக்கொடுக்கும். பல கார்களில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரையே அனுமதி. பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அந்த அளவே பொய்த்துப்போகும் என்பதால், ஆட்டம் பார்த்த பிறகே கோட்டம் பார்க்க வேண்டும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வரிசையை எப்படி எழுதுவது?

என் காரில் பிரேக் மிதி அதிர்ந்தபோது, "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று ஒரு பட்டறையில் புதியது மாட்டினார்கள். சில ஆயிரம் கிலோமீட்டரில் அதிர்வு திரும்பியது. வேறொரு மெக்கானிக் டிஸ்க்கைக் கழற்றி, டிஸ்க் பொருந்தும் சக்கரக் குடத்தின் (ஹப்) முகத்தில் படிந்திருந்த துருவைக் காட்டினார். துருவின் மேல் உட்கார்ந்த டிஸ்க் கோட்டத்தோடு ஓடி, பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒரே இடத்தில் பேடில் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) உரசி உரசி அங்கே மெலிந்திருக்கிறது. மிதிக்கு வந்த அதிர்வு அந்தத் தடிமன் வேறுபாட்டால் வந்தது. டிஸ்க் வளையவே இல்லை. ஆகவே 'தடிமன் வேறுபாடு' என்பதையும் தனிச்சொல்லாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

வருவாய்க் கோட்டத்தோடு குழம்பும் என்ற தங்கள் தடையை மதிக்கிறேன். பட்டறையில் கோட்டாட்சியரை யாரும் தேடப்போவதில்லை என்றாலும், எழுத்தில் பக்கவாட்டு விலகலுக்குப் 'பக்கக் கோட்டம்', ஆரத்தின் திசையிலான விலகலுக்கு 'ஆரக் கோட்டம்' என அடைகொடுத்தே ஆளலாம். மேலே 'ஹப்' என்பதற்கு மாட்டுவண்டிச் சக்கரத்தின் 'குடம்' என்பதைக் கேளாமலே பயன்படுத்திவிட்டேன். பேரிங்கும் ஹப்பும் ஒரே தொகுதியாக வரும் இன்றைய கார்களுக்கு அது பொருந்துமா என்பதில் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.