புதுப்பிப்பு: ஊர்லேர்ந்து சிங்கப்பூர் வந்த அப்பா அம்மாவுக்கு எம்ஆர்டி (மெட்ரோ ரயில்), பஸ் கார்டு, கடைசில எது எடுத்தோம்

திருச்சிலேர்ந்து அப்பா, அம்மா, தம்பி 5 நாளுக்கு வர்றாங்க, ரயில், பஸ்ல போக டூரிஸ்ட் பாஸா (ஒரே விலைக்கு நாள் முழுக்க எத்தனை தடவை வேணா போகலாம்), ஈஸி-லிங்க்கா (முன்கூட்டியே காசு போட்டு வச்சுக்குற பயணக் கார்டு), இல்ல பேங்க் கார்டான்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

"ஒரு ஆளுக்கு ஒரு கார்டு, அதை முதல்ல பாருங்க"ன்னு ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்துச்சு. அப்பா அம்மாகிட்ட சேர்த்து ஒரே ஒரு பேங்க் கார்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் மெஷின்ல தட்டணும், ஒரே கார்டை ரெண்டு பேருக்கும் தட்ட முடியாது, அதனால ஆளுக்கு ஒரு ஈஸி-லிங்க், ஒண்ணு 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதுல 5 கார்டு விலை திரும்பி வராது, மீதி 5 பயணத்துக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு இடம்தான் போறோம்ங்கறதால டூரிஸ்ட் பாஸ் கட்டுப்படியாகல.

தம்பி அவனோட விசா பேங்க் கார்டையே தட்டினான். வெளிநாட்டு கார்டுக்கு தட்டுற ஒவ்வொரு நாளும் 60 காசு தனியா பிடிப்பாங்க, 5 நாளைக்கு 3 வெள்ளி, அது போக அவன் பேங்க் எடுக்குற கமிஷன், அதை முன்னாடியே விசாரிச்சுக்குங்க.

எதிர்பார்க்காதது ரெண்டு. தேக்காவுல (லிட்டில் இந்தியா) பஸ்ஸ விட்டு இறங்கும்போது அப்பா தட்ட மறந்துட்டாரு, கடைசி ஸ்டாப் வரைக்கும் உள்ள காசு போயிடுச்சு, பாவம் மனசு கஷ்டப்பட்டுட்டாரு. இன்னொண்ணு, தம்பி ஏறும்போது போன்ல தட்டி இறங்கும்போது கார்டுல தட்டிட்டான், ஒரே அக்கவுண்ட்னாலும் அது வேற வேற கார்டாதான் கணக்கு, ஏறினது எதுலயோ இறங்குறதும் அதுலயே தட்டணும்.