புதுப்பிப்பு: எம்பாஸிங் பவுடர் இனிச் சிதறாது

ரப்பர் ஸ்டாம்ப் குத்திய வாழ்த்து அட்டையில் எம்பாஸிங் பவுடர் (ஈர மைமேல் தூவிச் சூடு காட்டினால் உருகி, எழுத்தைப் புடைப்பாக்கும் தூள்) எழுத்தைத் தாண்டிப் புள்ளி புள்ளியாக ஒட்டுகிறது என்று முன்பு இந்த இழையில் கேட்டிருந்தேன். தொல்லை தீர்ந்தது.

அட்டையில் தேங்கும் நிலைமின்சாரமும் விரல் பிசுக்கும்தான் காரணம். ஸ்டாம்ப் குத்தும் முன், துணியில் முடிந்த முகப்பவுடரை லேசாக ஒற்றினால் போதும். கடையில் இதற்கென விற்கும் பையும் இதே வேலையைத்தான் செய்கிறது, விலைதான் வேறு!

டை மை (சாய மை) சட்டென்று காய்ந்துவிடுவதால் பவுடர் பிடிப்பதில்லை. மெதுவாகக் காயும் பிக்மென்ட் மை (நிறமித் துகள் கலந்த மை) வேண்டும். பவுடரை உருக்க ஹேர் டிரையர் போதும் என்று யோசனை சொன்னவர்களுக்கு: அதன் சூடு போதாது, காற்றோ பவுடரை ஊதித் தள்ளிவிடும். ஹீட் கன்னை (கடும் சூட்டுக் காற்று வீசும் கைக்கருவி) முதலில் வெறும் காற்றில் சூடேற்றி, பிறகு அட்டையின் அடியிலிருந்து காட்டுகிறேன். பளபளப்பு வந்ததும் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் பூச்சு காகிதத்துக்குள் இறங்கித் தட்டையாகிவிடும்.

தமிழ் எழுத்துக்கு மிக நுண்ணிய பவுடரே நல்லது. சாதாரணப் பவுடர் சிறிய சுழிகளை அடைத்துவிடுகிறது.

ஆல்பத்துக்கு என்றால், புகைப்படத்தின் அருகே சூடு காட்டாதீர்கள். தனித்தாளில் செய்து, அமிலமற்ற பசையால் ஒட்டுங்கள்.