மறு: கம்பார்ட்மென்டலைசேஷன் – ‘அறையாக்கம்’ வேண்டாம், ‘வரப்பிடல்’ என்போம்

அவையோருக்கு வணக்கம். மரம் தன் உடலில் நோயுற்ற பகுதியைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அடைத்துவிடுவதே ‘கம்பார்ட்மென்டலைசேஷன்’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த உரையாடலில், எல்ம் என்னும் குளிர்நாட்டு மரம் பற்றிய கட்டுரையையும் சேர்த்து ஒருவர் எழுதியது:

> ‘அறையாக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். எல்ம் கட்டுரைக்கு ‘நோய் எதிர்ப்புத் திறன்’ என்றாலே போதும்.

இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. ‘எதிர்ப்புத் திறன்’ என்றதும் படிப்பவர் மனத்தில் தடுப்பூசியும் வெள்ளையணுவும்தான் வரும். எல்ம் மரத்தில் நடப்பதே வேறு. பட்டை வண்டு இளங்கிளையின் கவட்டைக் கடிக்கும்போது பூஞ்சை வித்துகள் நீர்க்குழாய்களுக்குள் புகுகின்றன. மரம் அந்தக் குழாய்களைத் தானே அடைக்கிறது. அடைப்பு உடனே விழுந்தால் பூஞ்சை அங்கேயே சிக்கும். தாமதித்தால் பூஞ்சை முந்திவிடும். மரமும் விடாமல் அடைத்துக்கொண்டே போக, உச்சிக்குத் தண்ணீர் ஏறாமல் வாடிவிடும். பிரிட்டனில் மட்டும் 2.5 கோடிக்கும் மேற்பட்ட எல்ம்கள் இந்த நோயில் மாண்டன.

மரத்தின் காயம் ஆறுவதில்லை. கெட்ட இடத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பிவிட்டு அதற்கு வெளியே புதுக் கட்டை வளர்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ இதை நான்கு சுவர்களாக விளக்கினார். குழாயின் நெடுக்கில் பரவுவதைத் தடுக்கும் முதல் சுவர்தான் மிக நொய்யது. எல்ம் பூஞ்சை ஓடுவதும் அதே நெடுக்கில்தான். காயத்துக்குப் பின் உருவாகும் நான்காவது சுவரே வலியது.

கடலூர் முதுநகர் மரவாடி ஒன்றில் வேப்பம் பலகையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய ஆணியைச் சுற்றிக் கருங்கறை. அது ஒரு கோட்டில் சட்டென்று நிற்கும், அதற்கு அப்பால் கட்டை தெளிவாக இருக்கும். இழைப்பவர் அந்தக் கோடுவரை அறுத்து எறிவார்.

எனவே தடுப்பு எவ்வளவு நெருக்கமாக விழுகிறதோ அவ்வளவு பலகை தேறும். எல்ம் கட்டை இழைகள் பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளக்காது. அதனால்தான் ஐரோப்பாவில் வண்டிச் சக்கரக் குடத்துக்கும் நாற்காலி இருக்கைக்கும் அதைத் தேடினார்கள். சைபீரிய எல்ம் நோயைத் தாங்கும், கிளையோ எளிதில் முறியும். நோய் தாங்கும் ரகங்களை உருவாக்க டச்சு ஆய்வாளர்கள் நம் இமயத்து எல்மையும் கலப்பில் சேர்த்தார்கள். நோய் தாங்குவதோடு நல்ல கட்டையும் வேண்டும் என்பது நம் சவுக்குக்கும் பொருந்தும். பட்டையில் கொப்புளம் வெடித்துக் கரும்பொடி கொட்டும் நோயை இங்குள்ள சவுக்கு விவசாயி அறிவார். அவருக்குக் கழி நேராகவும் வேண்டும்.

‘அறையாக்கம்’ முன்பே கட்டி வைத்த அறைகளை நினைவூட்டுகிறது, வினையாகவும் வளையாது. ‘வரப்பிடல்’ என்றால் ‘மரம் வரப்பிட்டது’, ‘வரப்பிடும் திறனுள்ள ரகம்’ என்று எளிதாக எழுதலாம். வேளாண் துறையினர் சொல்லும் ‘நோய் தாங்கும் ரகம்’ அதன் பொருளிலேயே இருக்கட்டும்.

புதுச்சேரி நண்பர் கேட்டது:

> வரப்பும் தண்ணீர் வருமுன் போடுவதுதானே? மரம் நோய் வந்தபின் அல்லவா கட்டுகிறது?

மடை உடைந்த இரவில் மண்வெட்டியோடு ஓடி அணைப்பதும் வரப்புதான், ஐயா. எல்ம் செய்வது அந்த வேலை. முந்துவது தண்ணீரா மண்ணா என்பதே அங்கும் கேள்வி. கலைச்சொல் பட்டியலில் இப்படிப் பதியலாம்: வரப்பிடல், வரப்பிடும் திறன், ஷைகோவின் நான்கு சுவர்களுக்கு முதல் வரப்பு முதல் நான்காம் வரப்பு வரை. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.