மண்ணெண்ணெய் ஊற்றினால் ஸ்பிறே போத்தல் மூன்று கிழமை கூடத் தாங்குவதில்லை. எதை வாங்குவது?

உப்புவெளி எஞ்சின் கேட்கிறார்:

வணக்கம். உப்புவெளியில் ஒரு தகரக் கொட்டகையில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறேன். 15இலிருந்து 40 குதிரைவலு வரையான அவுட்போட் எஞ்சின்கள்தான் கூடுதலாக வரும். இடையில் ஃபைபர் ஒட்டு வேலையும் செய்வேன். கழுவுவதற்கு மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர், அசிற்றோன் நான்கும் வைத்திருக்கிறேன்.

என்.சி. வீதியில் செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிறே போத்தல்கள் வாங்கி இவற்றை ஊற்றிப் பாவிக்கிறேன். மண்ணெண்ணெய் ஊற்றியது முதல் கிழமை நன்றாக அடித்தது. மூன்றாம் கிழமை விசையை இழுத்தால் திரும்பி வரவில்லை. கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த கறுப்பு வோஷர் ஊதி, பள்ளத்தை விட்டுப் பிதுங்கி நிற்கிறது. தின்னர் ஊற்றியது கண்ணாடி போலத் தெளிவாக இருந்த போத்தல். அது பால் நிறமாக வெளுத்து, அடி இளகி, ஒருநாள் காலையில் மேசையோடு ஒட்டியிருந்தது. அசிற்றோன் போத்தல் யாரும் தொடாமலே மூக்கால் ஒழுகுகிறது.

விலை கூடிய போத்தல் வாங்கினால் சரிவருமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிய காபரேற்றரில் நாலு நாளில் திரும்ப வெள்ளைத் தூள் படிகிறது. நான் கழுவும் விதம் பிழையா?

ஆய்வுகூட மேசை:

தம்பி, போத்தலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். நான்கு போத்தலுக்கும் என்ன இலக்கம்?

உப்புவெளி எஞ்சின்:

மண்ணெண்ணெய்ப் போத்தலில் 2. தின்னர் போத்தலில் 6 என்று நினைக்கிறேன், அடி இளகியதால் சரியாகத் தெரியவில்லை. அசிற்றோன் 2. பெற்றோலை சோடாப் போத்தலில் வைத்திருக்கிறேன், அதில் 1.

ஆய்வுகூட மேசை:

சரி, இப்போது விளங்குகிறது. 6 என்றால் பொலிஸ்ரைரீன். தின்னரில் டொலுயீன், அசிற்றோன் மாதிரியானவை கலந்திருக்கும். இரண்டுமே பொலிஸ்ரைரீனைக் கரைத்துவிடும். அந்தப் போத்தலுக்கு அது விதித்த முடிவுதான். 2 என்பது அடர்த்தி கூடிய பொலிதீன். அசிற்றோன், அற்ககோல் இரண்டுக்கும் அது நன்றாகத் தாங்கும். மண்ணெண்ணெய்க்குச் சில மாதம் நின்றுபிடிக்கும், ஆனால் பெற்றோல் அதன் சுவர் வழியாகவே மெல்ல மெல்லக் கசிந்து போகும். அதனால்தான் மூடியை எவ்வளவு இறுக்கினாலும் மணக்கும். 1 என்பது சோடாப் போத்தல் செய்யும் பெற் பிளாஸ்ரிக். அது பெற்றோலில் கரையாது, அசிற்றோன் பட்டால் மங்கி வெடிப்பு விடும்.

ஆனால் உங்கள் மண்ணெண்ணெய்ப் போத்தல் கெட்டது பிளாஸ்ரிக்கால் அல்ல. வோஷரால். பெரும்பாலானவர்கள் போத்தலைப் பார்த்து வாங்குகிறார்கள், முதலில் செத்துப்போவது உள்ளே இருக்கும் றப்பர். ஈபிடிஎம் என்ற றப்பர் அசிற்றோன், அற்ககோல், காரக் கழுவுதிரவம் எல்லாவற்றுக்கும் நல்லது. மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில் பட்டால் ஊதிப்போகும். வைட்டன் நேர்மாறு. மண்ணெண்ணெயும் பெற்றோலும் அதை ஒன்றும் செய்யாது, அசிற்றோன் பட்டால் பழுதாகிவிடும், கடும் காரமும் அதற்குப் பிடிக்காது. நைற்றைல் மலிவு, எண்ணெய் வகைக்குத் தாங்கும், அசிற்றோனுக்கும் தின்னருக்கும் கூடாது. ஆகவே நான்கு திரவத்துக்கும் ஒரே ஸ்பிறே தலை என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள். நிறத்தைப் பார்த்தும் றப்பரைக் கண்டுபிடிக்க முடியாது, மூன்றும் கறுப்பாக வரும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். புதுத் தலையைக் கழற்றி வோஷரை எடுத்து கலிப்பரால் அகலத்தை அளந்து எழுதுங்கள். திரவம் ஊற்றிய சிறு கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி இரண்டு நாள் விடுங்கள். திரும்ப அளந்தால் விடை கையில் இருக்கும்.

கிண்ணியா ஃபைபர்:

அண்ணா, அசிற்றோனுக்கு ஸ்பிறே தலையே வேண்டாம். ஆய்வுகூடங்களில் பாவிக்கும், வளைந்த மூக்குள்ள பிதுக்கும் போத்தல் வாங்குங்கள். வோஷரும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, பழுதாக ஒன்றுமே இல்லை. மூக்கால் ஒழுகுவதற்குக் காரணம் சூடு. அசிற்றோன் 56 பாகையிலேயே கொதிக்கும். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் தகரத்துக்குக் கீழே இருந்தால், உள்ளே ஆவி கூடி, மிச்சத்தைத் தள்ளிவிடும். மேலே சிறு காற்றுத் துளை உள்ள போத்தலும் கிடைக்கும், அதில் ஒழுகாது. பாதி மட்டும் ஊற்றி நிழலில் வையுங்கள். ஃபைபரில் துணியால் ஒருமுறை துடைத்து விடுவதோடு நிறுத்துங்கள், ஊறவிட்டால் மேல் பூச்சு இளகும்.

பழைய மெக்கானிக், கொட்பே:

மகன், வெள்ளைத் தூளுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் முக்கியமானது அதுதான்.

மண்ணெண்ணெய் கிறீசைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. நீங்கள் செய்வது உப்பின் மேல் எண்ணெய் பூசுவது. உப்பு அலுமினியத்தின் மேலேயே இருந்து ஈரத்தை இழுக்கிறது, அலுமினியம் வெள்ளையாகக் கறள் பிடிக்கிறது. முதல் வேலை நல்ல தண்ணீர். எஞ்சின் கரைக்கு வந்தவுடன் தண்ணீர்க் காது (எஞ்சின் தண்ணீர் இழுக்கும் துளையில் குழாய்த் தண்ணீரைப் பொருத்தும் கவ்வி) பூட்டி பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். காபரேற்றரைக் கழற்றினால் முதலில் மிதமான சுடுதண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும், பிறகு நன்றாகக் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் மண்ணெண்ணெய்.

கடற்கரைப் பக்கக் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவுவது கடலில் கழுவுவதற்குப் பக்கத்து வீடு. கடைசி அலசல் குழாய்த் தண்ணீரில் செய்யுங்கள்.

பழைய கறளுக்கு வினாகிரியில் தண்ணீர் கலந்து பிறஷால் தேய்த்து உடனே அலசிவிடலாம். காஸ்ரிக் சோடா கலந்த கழுவுதிரவத்தை அலுமினியத்தில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். நுரைத்துக்கொண்டு உலோகத்தையே தின்றுவிடும். காபரேற்றருக்குள் எரிபொருள் போகும் சிறு துளையான ஜெற்றைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெருத்தால் எஞ்சின் ஒருநாளும் சீராக ஓடாது. ஊசி, ஓ-ரிங், டயஃப்றம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் காபரேற்றர் கிளீனர் அடிக்க வேண்டும்.

கடைசியாக, மண்ணெண்ணெயை ஏன் ஸ்பிறே பண்ணுகிறீர்கள்? தட்டும் பிறஷும் போதும். சந்துபொந்துக்குப் பெருவிரலால் அமத்தும் இரும்பு ஒயில் கேன் ஒன்று வாங்குங்கள். என்னுடையது 20 வருடமாக ஓடுகிறது.

வெல்டிங் பட்டறை:

பெரியவர் சொன்னதை நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் பற்றுவதற்கு 38 பாகைக்கு மேல் சூடு வேண்டும் என்று நம்பிப் பலர் துணிகிறார்கள். அது தட்டில் கிடக்கும் மண்ணெண்ணெய்க்கு. பனிமூட்டம் போல அடித்தால் அதற்குக் குறைந்த சூட்டிலும் ஒரு பொறி போதும். உங்கள் கொட்டகை மத்தியானத்தில் 38ஐத் தொடும் என்பது வேறு. பெற்றோலைக் கழுவுவதற்கு முற்றாக விடுங்கள். உறைபனிக் குளிரிலேயே பற்றக்கூடிய ஆவி அதில் எழும், போதாததற்குப் புற்றுநோய் தரும் பென்சீனும் இருக்கிறது.

பிறேக் கிளீனர் வாங்கினால் குளோரின் உள்ளதா என்று தகரத்தில் வாசியுங்கள். அதால் துடைத்த இரும்பைக் காயமுன் வெல்டிங் செய்தால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். சிறிதளவே நுரையீரலைக் கெடுத்துவிடும்.

அந்தச் சோடாப் போத்தலை இன்றைக்கே அகற்றுங்கள், தயவுசெய்து. தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது சோடாதான். மண்ணெண்ணெயோ பெற்றோலோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும்.

உப்புவெளி எஞ்சின்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு கிழமை கழித்து எழுதுகிறேன்.

மிச்சமிருந்த புதுத் தலையின் வோஷரை அளந்தேன், 14 மில்லிமீற்றர். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் கிடந்தபின் 17க்கு மேல். விரலால் நசுக்கினால் ஜெலி மாதிரி. அதன் இணையை அசிற்றோனில் போட்டேன், 14 அப்படியே இருந்தது. அப்படியென்றால் என்னிடம் இருப்பது ஈபிடிஎம் தானே, மேசை அண்ணா?

பெற்றோலை வெளியே எடுத்து, மூடியுள்ள இரும்புக் கேனில் வைத்துவிட்டேன். ஒயில் கேன் ஒன்று வாங்கினேன். கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன் ஐயா, உவர்தான். இத்தனை வருடமாக அதில்தான் அலசியிருக்கிறேன். நேற்று ஒரு காபரேற்றரைக் குழாய்த் தண்ணீரில் அலசிக் காயவிட்டுப் பூட்டினேன்.

ஆய்வுகூட மேசை:

ஈபிடிஎம் ஆகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தலைகளை வீசாதீர்கள். சவர்க்காரத் தண்ணீருக்கும், மின் இணைப்புகளைத் துடைக்கும் ஐசோபுரோப்பைல் அற்ககோலுக்கும் அவை நன்றாகப் போகும். அற்ககோல் 99 வீதமானதாகப் பாருங்கள், 70 வீதத்தில் மிச்சம் தண்ணீர். எந்தப் போத்தலில் எது என்று அழியாத மையால் எழுதி ஒட்டுங்கள்; அசிற்றோன் பட்டால் மை அழியும், அதனால் எழுத்துக்கு மேல் செலோரேப் சுற்றிவிடுங்கள்.

உப்புவெளி எஞ்சின்:

சுற்றிவிட்டேன். அந்தக் காபரேற்றரில் இன்றோடு ஐந்து நாள், தூள் இல்லை.