மறு: டீகாஸ் – ‘காந்தநீக்கம்’ போதுமா?

கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம்.

பிக்சர் ட்யூப் டிவியில் ஏறிய காந்தத்தைப் போக்குகிற வேலைக்கு ஆங்கிலத்தில் டீகாஸிங் (degaussing) என்று பெயர். அதற்குத் தமிழில் ‘காந்தநீக்கம்’ என்று குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்த மடலைப் படித்தேன். பொருள் பிழையில்லை. ஆனால் வேலை நடக்கிற விதம் அந்தச் சொல்லில் இல்லை.

சென்னையில் வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் பிக்சர் ட்யூப் டிவி பார்க்கிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் 14 அங்குலப் பெட்டிகளும் அவர்களிடம் வருகின்றன. சின்ன வீடு, டிவியை ஒட்டியே ஸ்பீக்கர் பாக்ஸ். அதன் காந்தம் பட்டு, செய்தி வாசிப்பவர் முகத்தில் ஒரு கன்னம் பச்சை, மறு கன்னம் ஊதா. மெக்கானிக் பார்த்த உடனே சொல்வார்: “ட்யூப்ல காந்தம் ஏறிக்கிச்சு. காயில் காட்டுனா பூடும்.”

அந்த ‘ஏறிக்கிச்சு’வைப் பிடித்துக்கொள்வோம். விஷம் ஏறினால் இறக்குகிறோம். காந்தம் ஏறினாலும் இறக்கலாமே. என் முன்மொழிவு: காந்தமிறக்கல். வினை ‘காந்தமிறக்கு’. மெக்கானிக் காட்டுகிற காயில், அதாவது மின்கம்பிச் சுருளுக்குக் ‘காந்தமிறக்கு சுருள்’.

ஓசைக்காக மட்டும் சொல்லவில்லை. திரைக் கண்ணாடிக்குப் பின்னால் நுண்துளைகள் கொண்ட மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று எலக்ட்ரான் கற்றைகளும் அந்தத் துளைகள் வழியாகத்தான் தத்தம் நிறப்புள்ளியில் விழ வேண்டும். தகட்டில் காந்தம் ஏறினால் கற்றை விலகிப் பக்கத்துப் புள்ளியில் விழும். சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ச்சினால் தகட்டின் காந்தம் இப்படியும் அப்படியும் புரளும். அந்தப் புரட்டல் படிப்படியாகத் தணிய வேண்டும், உயிரே அதில்தான். மெக்கானிக் சுருளைத் திரைக்கு முன் வட்டமாகச் சுற்றுவார், சுற்றியபடியே பின்னால் நகர்வார், நன்றாகத் தள்ளி வந்த பிறகுதான் ஸ்விட்சை விடுவார். திரைக்குப் பக்கத்திலேயே விட்டால் கறை முன்னிலும் மோசமாகும். ‘நீக்கம்’ ஒரே வெட்டில் முடிகிற வேலைபோல ஒலிக்கிறது. ‘இறக்கல்’ இந்த நிதானத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

டீகாஸிங் என்ற மூலச்சொல்லை அப்படியே பெயர்க்கவில்லையே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் காந்தக் கண்ணிவெடிகளிலிருந்து கப்பல்களைக் காக்கிற முறைக்கு, பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றிய சார்லஸ் குடீவ் வைத்த பெயர் அது. கணிதமேதை காஸின் பெயர்கொண்ட அலகிலிருந்து எடுத்தது. அந்த வரலாற்றை நம் சொல் சுமக்கத் தேவையில்லை.

கூடவே ஒன்று. ‘நிறக்கோளாறு’ என்று பொதுவாக எழுதுவதைத் தவிர்ப்போம். திரை முழுக்க ஒரு நிறம் இல்லையென்றால் ட்யூபின் கழுத்தில் உள்ள போர்டைப் பார்க்க வேண்டும், சுருள் உதவாது. படம் கருப்பு வெள்ளையாக வந்தால் சிக்கல் நிறச் சமிக்ஞையைப் பிரிக்கிற பகுதியில். ஓரிடத்தில் மட்டும் நிறம் பிசகினால்தான் காந்தமிறக்கல். மெக்கானிக் ‘பேட்ச்’ என்கிற அதற்கு ‘நிறத்திட்டு’ என்று வைக்கலாம்.

டிவிக்குள் இருக்கிற பி.டி.சி. (PTC) என்ற உறுப்புக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. ஸ்விட்ச் போட்டதும் உள்ளே இருக்கிற சுருளுக்கு மின்சாரத்தை அள்ளிவிட்டு, தான் சூடேறியதும் ஓட்டத்தைக் குறைக்கிற வில்லை அது. அது போனால் திட்டு தானாகக் கலையாது. ‘வெப்பத்தடை’ என்றால் வேறு பொருள் வந்துவிடுகிறது. யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.