ஓடாத ஜெட்: பழைய தொலைதூர விமானம் வாங்கப் போனவர்களின் அனுபவங்கள்

சிலேத்தார்க்காரர்:

"பன்னிரண்டு வயது. பறந்தது 2,100 மணி நேரம்தான். உள்ளே இன்னும் புதுத் தோல் வாசனை." தரகர் அனுப்பிய முதல் கடிதத்தில் இருந்தவை இந்த மூன்று வரிகள். மூன்றும் உண்மை. அந்த விமானத்தை நாங்கள் வாங்கவில்லை.

நான் சிங்கப்பூரில் விமானப் பராமரிப்புப் பொறியாளர். இங்குள்ள சிலேத்தார் விமான நிலையத்தின் ஹேங்கர்களில், அதாவது விமானக் கொட்டகைகளில், பாதி ஆயுள் போய்விட்டது. இப்போது வாங்குபவர் பக்கம் நின்று விமானத்தைப் பார்த்துச் சொல்லும் வேலை. முதலாளி ஜகார்த்தாவில் தொழில் செய்கிறவர். பிள்ளைகள் லண்டனில் படிக்கிறார்கள். சிங்கப்பூரில் ஏறினால் லண்டனில்தான் இறங்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

நேர்க்கோட்டில் அது சுமார் 10,900 கிலோமீட்டர். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550 சுமார் 12,500 கிலோமீட்டர் போகும் என்கிறது தயாரிப்பாளரின் கணக்கு. பம்பார்டியர் குளோபல் 6000க்கு 11,100, டசோ ஃபால்கன் 7எக்ஸுக்கு 11,000. காகிதத்தில் மூன்றும் போய்ச் சேரும். ஆனால் அந்தக் கணக்கில் காற்று கிடையாது. எட்டுப் பேருக்கு மேல் ஆளும் கிடையாது. குளிர்காலத்தில் மேற்கே போகும்போது எதிர்க்காற்று அடிக்கும். 2022க்குப் பிறகு உக்ரைன் வானமும் மூடிக்கிடக்கிறது, சுற்றித்தான் போக வேண்டும். இதையெல்லாம் விளக்கியபின், ஆண்டுக்கு இரண்டு முறை நடுவில் இறங்கினால் பரவாயில்லை என்று முதலாளியும் சற்று இறங்கிவந்தார். அதனால் மூன்று வகையும் பட்டியலில் நின்றன. எதை வாங்கினோம் என்று எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறை அந்த வகையின் குறை அல்ல. அந்த ஒரு விமானம் நின்றிருந்த இடத்தின் குறை.

இன்னொரு கணக்கு, இதை எந்தத் தரகரும் சொல்வதில்லை. சிலேத்தார் ஓடுதளம் 1,836 மீட்டர். முழு எடையோடு கிளம்பும் ஜி550க்குக் கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் சுமார் 1,800 மீட்டர் வேண்டும். சிங்கப்பூரில் 15 டிகிரியை நான் குளிர்சாதனப் பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன். மதியம் 32 டிகிரியில் ஓடுதளம் இன்னும் நீளமாக வேண்டும். ஆகவே நிறுத்துவது சிலேத்தாரில், லண்டனுக்குக் கிளம்புவது நீளமான ஓடுதளமுள்ள சாங்கி விமான நிலையத்தில். சிங்கப்பூர் வீட்டுக்குப் பக்கத்தில் ஏறலாம் என்று கனவு கண்டிருந்த முதலாளிக்கு இதைச் சொன்னபோது, அதை ஏதோ நான் செய்த குற்றம்போல என்னைப் பார்த்தார்.

சரி, அந்த 2,100 மணி விமானத்துக்கு வருகிறேன்.

விருப்பக் கடிதம் கொடுத்து, முன்பணம் கட்டி, இரு தரப்புக்கும் பொதுவான பராமரிப்பு நிலையத்தில் விமானத்தை நிறுத்தினோம். இதற்குத் தொழிலில் பி.பி.ஐ. என்று பெயர், வாங்கும் முன் செய்யும் ஆய்வு. எல்லோரும் முதலில் விமானத்தைச் சுற்றி வருவார்கள். நான் பதிவேடுகளைக் கேட்பேன். மூன்று நாள் காகிதம் மட்டும் பார்த்தேன். கடைசி இரண்டு ஆண்டுகளில் அது பறந்தது முப்பது மணிக்கும் குறைவு. நின்றது குற்றமில்லை. நீண்ட நாள் நிற்கும் இன்ஜினை இத்தனை நாளுக்கு ஒரு முறை ஓட்ட வேண்டும், இல்லையென்றால் முறைப்படி பதப்படுத்தி மூடிவைக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. இரண்டில் எதைச் செய்ததற்கும் பதிவு இல்லை. விமானம் நின்றது கடலோர ஊரில், குளிரூட்டாத ஹேங்கரில்.

நான்காம் நாள் சமையல் பகுதியின் தரைப்பலகையைக் கழற்றச் சொன்னேன். என்னோடு ஜொகூரிலிருந்து வரும் தகடு வேலைக்காரர் ஒருவர் உண்டு, அறுபதைத் தாண்டியவர். விளக்கை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் கையில் விளக்கைக் கொடுத்தார். குறுக்குச் சட்டத்தின் ஓரமாக மாவு சிந்தியது போல வெள்ளைப் பொடி. அலுமினியம் அரித்தால் இரும்பு போலச் சிவக்காது, இப்படித்தான் வெளுக்கும். பெயின்ட் அந்த இடத்தில் கொப்பளித்திருந்தது. பிளாஸ்டிக் சுரண்டியால் அவர் மெல்லத் தட்டினார். ஏடாக உரிந்து வந்தது.

"காபி இயந்திரம் ஒழுகியிருக்கிறது, தம்பி. இது இன்று நேற்று வந்ததில்லை."

"ஆழம் எவ்வளவு இருக்கும், அண்ணே?"

"அளந்து சொல்கிறேன். ஆனால் கழிவறைப் பக்கமும் திறக்கச் சொல். இங்கே இப்படி என்றால் அங்கே கேட்கவே வேண்டாம்."

மூன்று இடங்கள். அளந்ததில் இரண்டு வரம்புக்குள், ஒன்று வரம்புக்கு வெளியே. சண்டை இங்கேதான் தொடங்கியது. ஒப்பந்தத்தில் பொதுவாக ஒரு வரி இருக்கும்: பறக்கும் தகுதியைப் பாதிக்கும் குறைகளை விற்பவர் தம் செலவில் சரிசெய்வார். வரம்புக்குள் இருக்கும் அரிப்பு அந்த வரிக்குள் வராது என்றார்கள் விற்பவர் தரப்பினர். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. ஒரு இடத்தைச் சரிசெய்ய ஒப்புக்கொண்டார்கள். மீதித் தரை முழுவதையும் திறந்து பார்க்க வேண்டும் என்றேன். அது ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். திறக்க விடாத தரைக்கு அடியில் என்ன இருக்கும் என்று ஊகிக்கவா எனக்குச் சம்பளம்? விலகிவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். தொழில்நுட்ப ஏற்புக் கடிதத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை, அதனால் முன்பணம் திரும்பி வந்தது. ஆய்வுச் செலவு போனது போனதுதான். அந்த வாரம் முழுக்க முதலாளி என்னோடு பேசவில்லை.

பிறகு வாங்கியது அதே வயதுள்ள இன்னொன்று, 5,400 மணி பறந்தது. ஒரு நிறுவனம் வாரந்தோறும் ஓட்டிய வண்டி. பதிவேடுகள் மட்டும் பதினொரு பெட்டி. லேண்டிங் கியரை (சக்கரத் தொகுதியை) கழற்றிப் புதுப்பித்ததற்குச் சான்று, ஒவ்வொரு பாகத்துக்கும் பிறந்த நாளிலிருந்து காகிதம். இந்த வகை விமானங்களில் பெரிய ஆய்வுகள் நாள்காட்டியைப் பார்த்து வருகிறவை, 8 ஆண்டு, 10 ஆண்டு என்று. பறந்தாலும் பறக்காவிட்டாலும் வந்தே தீரும். அது இதில் முந்தைய ஆண்டுதான் முடிந்திருந்தது. இன்ஜின்கள் மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டும் பராமரிப்புத் திட்டத்தில் இருந்தன. "திட்டத்தில் இருக்கிறது" என்று தரகர் சொன்னதை நம்பாமல், பாக்கி ஏதும் இல்லை, அடுத்தவர் பெயருக்கு மாற்றலாம் என்று இன்ஜின் தயாரிப்பாளரிடமே எழுதி வாங்கினேன்.

குறையே இல்லையா? இருந்தது. இருக்கைகளுக்குப் புதுத் தோல் போட்டிருந்தார்கள். அந்தத் தோலுக்கான தீப்பற்றாச் சோதனைச் சான்றிதழைக் காணோம். கோடிக்கணக்கான பணம் ஒரு தோல் துண்டுக்காக மூன்று வாரம் காத்திருந்தது.

கணக்குப்பிள்ளை:

நான் சென்னையில் தணிக்கையாளர். விமானத்தின் உள்ளே ஒரே ஒரு முறைதான் ஏறியிருக்கிறேன், அதுவும் நிற்கும்போது. ஆனால் இரண்டு பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அமெரிக்கப் பதிவில் இருக்கும் விமானம் என்றால் எல்லாக் காகிதமும் ஓக்லஹோமா சிட்டிக்குப் போகும். அந்நாட்டு விமானப் பதிவகம் அங்கேதான். அதைச் சுற்றியே எஸ்க்ரோ முகவர்களும் கடை போட்டிருக்கிறார்கள். நம் பணமும், விற்பவர் தேதியிடாமல் கையெழுத்திட்ட விற்பனைப் பத்திரமும் அவர்களிடம் இருக்கும். கடைசி நாளில் எல்லோரும் தொலைபேசியில் கூடுவார்கள். விற்பவர் சம்மதம், வாங்குபவர் சம்மதம், அடமானம் வைத்திருந்த வங்கி சம்மதம். ஒவ்வொருவராகச் சொல்லி முடித்ததும் பத்திரத்தில் தேதியும் நேரமும் விழும், பணம் கிளம்பும். அதே நேரத்தில் டப்ளினில் உள்ள சர்வதேசப் பதிவகத்தில் உரிமை ஏறும். 2001இல் கையெழுத்தான கேப்டவுன் உடன்படிக்கையின் ஏற்பாடு அது. பழைய கடன் ஏதாவது அந்தப் பதிவில் தொங்கிக்கொண்டிருந்தால், விமானத்தோடு சேர்த்து வில்லங்கத்தையும் வாங்கியதாக அர்த்தம். நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்ப்போமே, அதேதான்.

என் முதல் வாடிக்கையாளருக்கு இது ஒரு வெள்ளிக்கிழமை அமைந்தது. ஓக்லஹோமாவில் காலை பத்தரை, நமக்கு இரவு ஒன்பது. எல்லோரும் தொலைபேசியில் காத்திருக்கிறார்கள். வாடிக்கையாளரின் அம்மா உள்ளே வந்து, "வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் இல்லையா?" என்றார். நமக்கு இரவாகிவிட்டது, ராகு காலம் முடிந்துவிட்டது அம்மா என்றேன். "பத்திரம் எங்கே பதிவாகிறது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டு வரை ஒத்திவைக்கும்படி கேட்டோம். என்ன காரணம் என்று எஸ்க்ரோ அம்மையார் கேட்டபோது "உள் ஒப்புதல் நிலுவையில் இருக்கிறது" என்றேன். பொய் இல்லையே. வங்கி நேரத்துக்குள் பணம் போய்விட்டது. தவறியிருந்தால் திங்கட்கிழமைதான், திங்களுக்கு ஏழரை முதல் ஒன்பது.

இந்தியாவுக்குக் கொண்டுவருகிறவர்கள் வரியை முதலில் பாருங்கள், விமானத்தைப் பிறகு பார்க்கலாம். சொந்தப் பயன்பாட்டு விமானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். முன்பு 28ம் அதன்மேல் 3 சதவீதத் தீர்வையும் இருந்தன.

வலது இருக்கை:

துணை விமானியாக நான்கு கைமாற்றங்களைப் பார்த்தவன். ஒன்று நடுக்கடலின் மேல் நடந்தது. விற்பனை எந்த நாட்டு மண்ணில் முடிகிறதோ அந்த நாட்டு வரி வரும் என்பதால், எந்த நாட்டிலும் சேராத வானத்தில் முடிக்கச் சொன்னார்கள் வழக்கறிஞர்கள். தென்சீனக் கடல் மேல் நாற்பது நிமிடம் வட்டமடித்தோம். செயற்கைக்கோள் தொலைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படித்துச் சொன்னேன். "முடிந்தது" என்றார்கள். திரும்பி இடது இருக்கையைப் பார்த்தேன். விற்பவரின் விமானி, இப்போது விருந்தாளி. காபி வேண்டுமா என்று கேட்டேன்.

வாங்குமுன் சோதித்துப் பார்க்கும் ஏற்புப் பறத்தலில் எல்லோரும் திரைகளையே பார்ப்பார்கள். உயரே போனதும் நான் கதவோரம் போய் நின்று காது கொடுப்பேன். ஒரு முறை மெல்லிய விசில் கேட்டது, கதவின் ரப்பர் விளிம்பு தேய்ந்திருந்தது. தரையில் எந்தக் கருவியும் காட்டாத குறை.

இன்னொன்று. வகையின் வரலாற்றையும் படித்துவிட்டுப் போங்கள். 2011 மே மாதம் கோலாலம்பூர் அருகே சுபாங்கில் தரையிறங்க வந்துகொண்டிருந்த ஃபால்கன் 7எக்ஸ் ஒன்றின் கிடைவால், அதாவது வாலில் கிடையாக இருக்கும் சிறகு, தானாகவே நகர்ந்து மூக்கை மேலே தூக்கிவிட்டது. விமானிகள் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் மீட்டார்கள். ஓரிரு நாளில் உலகெங்கும் உள்ள 7எக்ஸ்களைப் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றில் ஒரு சால்டரிங் குறை என்று விசாரணையில் தெரிந்தது; மாற்றம் செய்து மறுபடி பறக்கவிட்டார்கள். அதற்காக 7எக்ஸ் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, நானே அதில் நிம்மதியாகப் பறந்திருக்கிறேன். அந்த மாற்றம் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். விற்பவர் உடனே விரலை வைத்துக் காட்டினால் மற்றதும் ஒழுங்காக இருக்கும்.

பணிப்பெண் ஒருவர்:

நீங்கள் எல்லோரும் காகிதத்தையும் கதவையும் பார்க்கிறீர்கள். கழிவறைக் கம்பளத்தை மோந்து பார்த்தவர் யாராவது உண்டா? நான் பார்த்திருக்கிறேன். சிலேத்தார்க்காரர் நான்கு நாளில் கண்டுபிடித்ததை நான் நான்கு நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

சிலேத்தார்க்காரர்:

அம்மா, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஆய்வுக்கு உங்களைத்தான் கூப்பிட வேண்டும்.

அந்த முதல் விமானம் என்ன ஆயிற்று என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். சென்ற மாதம் அதே தரகரிடமிருந்து மறுபடி ஒரு கடிதம் வந்தது. என்னை மறந்துவிட்டார்போல. பதினான்கு வயது. பறந்தது 2,112 மணி நேரம்தான். புதுத் தோல் வாசனையைப் பற்றி இந்த முறை எதுவும் எழுதவில்லை.