கோண்டாவிலில் ஒரு பழைய வீடு: அச்சவாரம் (முற்பணம்) கொடுக்க முதல் எதைப் பார்க்க வேண்டும்?

பவளமல்லி:

வணக்கம். நாங்கள் இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாடகைக்கு இருக்கிறோம். நான் தாதி. இவருக்கு வவுனியாவில் அரச வேலை, சனி ஞாயிறுதான் வீட்டில் நிற்பார். கனகாலமாகத் தேடி, கோண்டாவிலில் ஒரு வீடு மனதுக்குப் பிடித்திருக்கிறது. காங்கேசன்துறை வீதியால் இறங்கி ஒழுங்கைக்குள் போக வேண்டும். மூன்று பரப்புக் காணி. முன்பக்கம் பழைய ஓட்டு வீடு, விறாந்தையும் மூன்று அறையும். குசினியும் குளியலறையும் பின்னுக்குப் பிறகு சேர்த்துக் கட்டியவை. வளவுக்குள் தென்னையும் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரமும் நிற்கின்றன. கிணறு பக்கத்துக் காணிக்கும் பொது.

சொந்தக்காரர் கனடாவில். இங்கே இருக்கிற அவரின் தங்கை அற்றோணித் தத்துவத்தில் (அவருக்காக விற்க எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) விற்கிறார். தாயாரின் சீதன வீடாம், அவர் காலமாகிவிட்டார். எல்லாச் சுவருக்கும் புதிதாகப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள், மணம் இன்னும் போகவில்லை. ஆனாலும் குசினி யன்னல் மூலையில் இருந்து கீழே ஒரு வெடிப்பு ஓடுவது தெரிகிறது.

புரோக்கர் இந்தக் கிழமைக்குள் அச்சவாரம் கேட்கிறார், வேறு ஆட்களும் நிற்கிறார்களாம். சேமிப்பு முழுவதும் போய், மிச்சத்துக்கு வங்கிக் கடனும் எடுக்க வேண்டும். என் மகளுக்கு இப்போது ஒரு வயது. அவள் வளரப்போகிற இடம் என்பதால் ஒன்றையும் தவறவிடக் கூடாது என்று நினைக்கிறேன். விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அளவைக்காரன்:

தங்கச்சி, புரோக்கர் சொன்ன கிழமைக் கணக்கை முதலில் விடுங்கள். நான் நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன், வலிகாமத்தில் நிறைய வளவுகளில் சங்கிலி இழுத்திருக்கிறேன். வீட்டில் பழுது இருந்தால் காசு போட்டுத் திருத்தலாம். உறுதி (காணிப் பத்திரம்), கிணறு, ஒழுங்கை இந்த மூன்றில் ஒன்று பிழைத்தாலும் வழக்கோடும் சண்டையோடும்தான் அங்கே இருக்க வேண்டி வரும்.

உறுதியில் இருந்து தொடங்குவோம். தாயின் சீதனம் என்றால் சரி, அது மகனுக்கு எப்படி வந்தது? தாய் உயிரோடு இருக்கும்போது நன்கொடை உறுதி எழுதினாரா, மரணசாதனம் (உயில்) எழுதினாரா, ஒன்றும் எழுதாமல் போய்விட்டாரா? ஒன்றும் எழுதாவிட்டால் மற்றப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு வரும். நீங்கள் வாங்குவது முழு வீடா, பிரிபடாத பங்கா என்பது அங்கேதான் தீரும். பங்குக்காரர் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றால் மற்றப் பங்குக்காரருக்கும் விற்பவரின் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அது தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டம். 1947இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் விற்றால் அவர்கள் பிறகு நீதிமன்றம் போகலாம். தங்கைக்கும் பங்கிருந்து அவரும் சேர்ந்து எழுதுவதென்றால், அவர் திருமணமானவர் என்றால், கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து வருகிற நிபந்தனை அது, இன்றைக்கும் செல்லும்.

அற்றோணித் தத்துவம் பதிவு செய்யப்பட்டதா, காணியை விற்கிற அதிகாரம் அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அது செல்லாது. ஆகவே கனடாக்காரரோடு வீடியோவில் நேரே கதையுங்கள். பெயர், காணி, விலை மூன்றையும் அவர் வாயால் கேளுங்கள்.

வங்கியின் சட்டத்தரணி பார்ப்பார் என்று விட்டுவிடாமல் உங்களுக்கென்று ஒரு நொத்தாரிசை (உறுதி எழுதும் சட்டத்தரணி) வையுங்கள். காணிப் பதிவகத்தில் 30 வருசத்துக்குக் குறையாமல் தேடச் சொல்லுங்கள். ஈடு (அடமானம்), வழக்குப் பதிவு எல்லாம் அதில் வெளிவரும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்றும் அயலில் விசாரியுங்கள். பத்து வருசம் தடையில்லாமல் ஆண்ட ஒருவர் ஆட்சி உரிமை கேட்கலாம், உறுதி பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும்.

அளவு. மூன்று பரப்பு என்றால் 30 பேர்ச். மதில்தான் எல்லை என்று நம்ப வேண்டாம். எங்கள் ஊரில் மதிலுக்கு முதல் கதியால் வேலி இருந்தது. ஒவ்வொரு தடவை வேலி அடைக்கும்போதும் ஒரு சாண் இங்காலோ அங்காலோ போயிருக்கும். மதிலின் இரண்டு பக்கமும் பழைய கிளுவைக் கட்டையோ பூவரசம் அடியோ நிற்கிறதா என்று பாருங்கள். மதிலுக்கு வெளியே வரிசையாக நின்றால் காணி உள்ளுக்குத் தள்ளியிருக்கிறது. உள்ளே நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் என்றைக்கோ ஒரு நாள் கேட்பார். அனுமதிப்பத்திரம் உள்ள நில அளவையாளரைக் கொண்டு புதுப் படம் கீறுவியுங்கள். அளக்கிற நாளில் அயலவர்களும் நிற்க வேண்டும்.

கிணறு பொது என்று வாயால் சொன்னால் போதாது. ‘கிணற்றில் பங்கும் வழி வாய்க்காலும்’ என்று உறுதியில் இருக்க வேண்டும். ஒழுங்கை பிரதேச சபையினுடையதா, யாருடையதோ காணியில் விட்ட பாதையா என்பதும் அப்படித்தான். கோண்டாவில் நல்லூர் பிரதேச சபைக்குள் வருகிறது. ஆதனவரி ரசீது, பின்கட்டுக்குக் கட்டட அனுமதி, வீதிக்கோட்டுச் சான்றிதழ் எல்லாம் அங்கே விசாரிக்கலாம். முத்திரை வரியையும் கணக்கில் வையுங்கள்: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேல் 4 வீதம்.

தாவடி அக்கா:

அண்ணா உறுதியை விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு எனக்கு அதுதான் பெரிது.

கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் நல்ல தண்ணீர் ஊர்தான். யாழ்ப்பாண நகரத்துக்கே இந்தப் பக்கத்துக் கிணறுகளில் இருந்து தண்ணீர் போனது. ஆனால் நாங்கள் இருப்பது சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே. கல்லில் வெடிப்பும் துவாரமும் நிறைய, மேலே ஊற்றுவது வடிபடாமல் விறுவிறுவென்று கீழே இறங்கிவிடும். தோட்டத்துக்குப் போட்ட உரமும் மலசலகூடக் குழியும் போய்ச் சேருவது அதே தண்ணீருக்குத்தான். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே போனால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். தாதியான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பற்றீரியாவுக்கும் நைத்திரேற்றுக்கும் சேர்த்தே சோதிப்பியுங்கள்.

கிணற்றில் இருந்து குழிக்குக் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தக் கல்லுக்கு அதைவிடக் கூட இருந்தால்தான் எனக்கு நிம்மதி. உங்கள் வளவில் மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழி கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட என்று எட்டிப் பாருங்கள். கம்பசுப் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விடுகிற வீடு பக்கத்தில் இருந்தால் இன்னும் கவனம், ஒரே குழிக்கு எத்தனை பேர் என்று யோசியுங்கள். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்தார்களே, குழாய் அந்த ஒழுங்கைக்கு வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வெள்ளம். 2008 நிஷா புயலுக்கும் 2020 புரெவிப் புயலுக்கும் தண்ணீர் எதுவரை வந்தது என்று வயதான ஒருவரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் அல்ல. பெயின்ற் அடித்த சுவரில் ஒன்றும் தெரியாது. கேற்றுத் தூணின் பின்பக்கம், கிணற்றடிச் சுவர், பக்கத்து வீட்டின் பூசாத மதில், இவற்றில் ஒரே உயரத்தில் கறைக்கோடு ஓடினால் அதுதான் பதில். செம்மண்ணில் தண்ணீர் கெதியாக வற்றும், அது உண்மை. ஆனால் எல்லாரும் மதில் கட்டி வாய்க்காலை அடைத்த பிறகு பழைய கணக்கு சரிவராது.

பகலில் மட்டும் போகாதீர்கள். பொழுதுபட்ட பிறகு ஒரு தடவை போய் ஒழுங்கை முகப்பில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வெளிச்சம் இருக்கிறதா, யார் நிற்கிறார்கள், இரவு வேலை முடிந்து நீங்கள் தனியே ஸ்கூட்டியில் வரலாமா என்று உங்களுக்கே தெரியும். சந்திக் கடைக்காரரிடம் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு கதை கொடுங்கள், பாதி விசயம் அங்கேயே வந்துவிடும். ரயில் பாதையைக் கடந்து போகிற ஒழுங்கை என்றால் கடவையில் படலை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இணுவில் மேசன்:

அந்த வெடிப்பைப் பற்றி மட்டும். பழைய வீடும் பின்கட்டும் வேறு வேறு அத்திவாரம். சந்திக்கிற இடத்தில் மயிர் அளவில் வெடித்தால் பயமில்லை. நீங்கள் சொல்வது யன்னல் மூலையில் இருந்து கீழே போவது. அது கீழே போகப் போக அகலுகிறதா, வெளிப்பக்கமும் அதே இடத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் நிலம் இறங்கியிருக்கலாம். அயலில் கேளுங்கள், அந்த இடத்தில் பங்கர் (பதுங்குகுழி) இருந்ததா என்று. செல்லடிக் காலத்தில் வெட்டாத வளவு குறைவு. பிறகு குப்பையும் மண்ணும் போட்டு மூடி, இறுக்காமல் மேலே கட்டியிருந்தால் சுவர் இறங்கத்தான் செய்யும். பகலில் ஓட்டுக்குக் கீழே நின்று வெளிச்சம் தெரிகிற இடங்களையும் பாருங்கள். கூரைச் சிலாகையைக் கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனை என்றால் கத்தி இறங்காது, கறையான் தின்றது என்றால் மாவாக உதிரும்.

பவளமல்லி:

எல்லாருக்கும் நன்றி. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அம்மா நல்ல மனிசி. நிஷாவுக்கு வாசல் படி வரை வந்தது, உள்ளே ஏறவில்லை என்றார். குசினி நிற்கிற இடத்தில்தான் பங்கர் இருந்ததாம், 90இல் அதற்குள் இருந்தோம் என்று கையைக் காட்டினார். கிணற்றுப் பங்கு உறுதியில் தெளிவாக இருக்கிறது. தாயார் ஒன்றும் எழுதி வைக்கவில்லை, பிள்ளைகள் மூன்று பேர். அண்ணனோடு வீடியோவில் கதைத்தேன், மூன்று பேரும் ஒப்பமிடச் சம்மதம் என்கிறார். தண்ணீர் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். குசினிக்காக விலை குறைத்துக் கேட்கலாமா? அச்சவாரம் இப்போது கொடுக்கலாமா?

அளவைக்காரன்:

தாராளமாகக் கேளுங்கள். மேசனைக் கொண்டு குசினி இடித்துக் கட்டுகிற செலவை எழுதுவித்து, அந்தத் தாளை அவர்கள் முன்னால் வையுங்கள். அச்சவாரம் வெறும் கையால் வேண்டாம். நொத்தாரிசு முன்னால் உடன்படிக்கை எழுதி, மூன்று பேரின் பெயரும் அதில் வர வேண்டும். மரணசாதன வழக்கு (ஒன்றும் எழுதாமல் இறந்தவரின் சொத்துக்கும் அதே பெயர்தான்) தேவையா என்று அவரிடமே கேளுங்கள், தேவை என்றால் அது முடிகிற வரைக்கும் தவணை வையுங்கள். உரித்தில் பிழை வந்தாலோ அளவு குறைந்தாலோ காசு திரும்பும் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். கொடுப்பதைக் காசோலையாகக் கொடுங்கள். தண்ணீர் முடிவு கைக்கு வர முதல் எதிலும் ஒப்பம் வைக்காதீர்கள். புதுப் படம் கீறின பிறகு உறுதியில் உள்ள எல்லையோடு ஒத்துப் பார்க்க உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், பார்த்துத் தருகிறேன்.